எழுதிய சிறுவனும் ஏமாற்றிய வாத்தும்: பழைய இயந்திரப் பொம்மைகளில் எது நிஜம்?

கேள்வி இதுதான்: "பதினெட்டாம் நூற்றாண்டில் மை தொட்டு எழுதும் பொம்மை இருந்தது, தின்றதைச் செரித்த வாத்து இருந்தது, நெப்போலியனையே சதுரங்கத்தில் தோற்கடித்த பொம்மை இருந்தது என்றெல்லாம் படிக்கிறோம். மின்சாரமே இல்லாத காலத்தில் இவை எப்படி இயங்கின? எது நிஜம், எது புளுகு? இப்போதும் எங்காவது பார்க்க முடியுமா?"

சுருக்கமாகச் சொன்னால், எழுதும் பொம்மை முழுக்க நிஜம். வாத்து பாதி நிஜம், பாதி பொய். சதுரங்கப் பொம்மை கலப்படமில்லாத ஏமாற்று. புகழ் மட்டும் இந்த வரிசைக்கு நேர் எதிராகப் போய்ச் சேர்ந்தது என்பதே இந்தக் கதையில் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. துருக்கிய உடையணிந்த சதுரங்கப் பொம்மையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் பலர், இன்றைக்கும் பழுதில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சிறுவனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-டி-ஃபோன் ஊரைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் பியர் ஜாக்கே-திரோ, அவருடைய மகன் ஆன்றி-லூயி, அவர்களோடு வளர்ந்த ழான்-ஃபிரெதெரிக் லெஷோ ஆகிய மூவரும் 1768 முதல் 1774 வரை உழைத்து மூன்று பொம்மைகளைச் செய்து முடித்தார்கள். அவற்றுள் முதல்வன் 'எழுத்தாளன்'. சிறு மேசைக்கு முன்னால், கால்களில் காலணி இல்லாமல், கையில் வாத்து இறகுப் பேனாவுடன் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன். சாவி கொடுத்து விட்டால், பேனாவை மைக்கூட்டில் தோய்க்கிறான். அதிகப்படி மை தாளில் சிந்தாதபடி பேனாவை லேசாக உதறுகிறான். பிறகு எழுதத் தொடங்குகிறான். எழுதும்போது அவனுடைய கண்கள் பேனா முனையைத் தொடர்ந்து நகர்கின்றன. ஒரு வரி முடிந்தால் தாள் தானாக நகர்ந்து அடுத்த வரிக்கு இடம் கொடுக்கிறது. ஏறத்தாழ 6,000 உறுப்புகள் அந்தச் சிறிய உடலுக்குள் அடங்கியிருக்கின்றன. அக்காலத்துப் பொம்மைகள் பலவற்றில் இயந்திரம் பீடத்தில் ஒளிந்திருக்கும்; பொம்மையின் முதுகுக்குள்ளேயே முழு இயந்திரத்தையும் அடக்கியது இவர்களுடைய சாதனை.

முதுகுப் பலகையைத் திறந்தால் தெரிவது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பித்தளைத் தட்டுகளாலான ஒரு தூண். ஒவ்வொரு தட்டின் விளிம்பும் வட்டமாக இல்லாமல், மேடும் பள்ளமுமாக அரத்தால் ராவப்பட்டிருக்கும். பொறியாளர்கள் இதைக் 'கேம்' என்பார்கள். தட்டு சுழலும்போது அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு நெம்புகோல் மேட்டில் விலகும், பள்ளத்தில் நெருங்கும். அந்த அசைவு இணைப்புக் கம்பிகளின் வழியாகக் கைக்குப் போகும். ஓர் எழுத்துக்கு மூன்று தட்டுகள் வேண்டும். ஒன்று கையை இடவலமாகவும், மற்றொன்று முன்பின்னாகவும் நகர்த்த, மூன்றாவது தட்டு பேனாவைத் தாளில் அழுத்தவும் தூக்கவும் செய்கிறது. அழுத்தம் கூடிக் குறைவதால்தான் எழுத்தின் கோடுகள் மனிதக் கையெழுத்தைப் போலத் தடித்தும் மெலிந்தும் வருகின்றன.

இதுவரை சொன்னது மட்டும் என்றால் அவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் பொம்மையாகவே நின்றிருப்பான். தட்டுகளாலான அந்தத் தூணுக்கு அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் சுற்றுவட்டத்தில் கழற்றி மாற்றக்கூடிய 40 துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டின் உயரமும் ஓர் எழுத்தைக் குறிக்கும்: அந்த உயரத்துக்கு ஏற்பத் தட்டுத் தூண் மேலேறியோ கீழிறங்கியோ, வேண்டிய எழுத்துக்குரிய மூன்று தட்டுகளை நெம்புகோல்களுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். துண்டுகளை மாற்றி அடுக்கினால், 40 எழுத்துக்குள் அடங்கும் எந்த வாசகத்தையும் அவனை எழுத வைக்கலாம். அடுக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இயந்திரத்தைத் தொடாமல் கட்டளையை மட்டும் மாற்றுகிற இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், கணினியின் முன்னோர்களில் ஒருவன் என்று அவனைச் சொல்கிறார்கள். அந்தப் பட்டம் பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

மற்ற இருவரில் 'ஓவியன்' நான்கு படங்கள் வரைகிறான். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் முகமும், வண்ணத்துப்பூச்சி இழுக்கும் தேரில் வரும் காதல் தேவனும், ஒரு நாய்க்குட்டியும் அவற்றில் சேர்த்தி. வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, தாளின் மேல் படிந்த பென்சில் தூளை வாயால் ஊதிவிடுகிறான். அதற்கென்றே உள்ளே ஒரு துருத்தி இருக்கிறது. படம் வரைவதற்குத் துருத்தி தேவையே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், செய்தவர்களின் குறும்பு புரியும். 'இசைக்கலைஞி' உண்மையிலேயே தன் விரல்களால் ஆர்கன் என்ற காற்றிசைக் கருவியின் கட்டைகளை அழுத்தி வாசிக்கிறாள். வாசிக்கும்போது அவளுடைய மார்பு மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்குகிறது.

இனி வாத்து. பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் 1709-இல் பிறந்த ழாக் தெ வோகான்சோன், முதலில் 1738-இல் பாரிசில் காட்சிக்கு வைத்தது புல்லாங்குழல் ஊதும் ஒரு பொம்மையை. உள்ளே இசைப்பெட்டி எதையும் ஒளிக்காமல், உண்மையான குழலுக்குள் உண்மையான காற்றை ஊதிய பொம்மை அது. ஒன்பது துருத்திகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, மூன்று வேறு விசைகளில் காற்றை அனுப்பி, உதட்டையும் நாவையும் அசைத்து, தோல் சுற்றிய விரல்களால் குழலின் துளைகளை மூடித் திறந்து, பன்னிரண்டு மெட்டுகளை வாசித்தது. பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அதன் அமைப்பை அவரே விளக்கி ஓர் அறிக்கையும் அளித்தார்.

ஆனால் ஊர் வாய் பேசியது அடுத்து வந்த வாத்தைப் பற்றித்தான். பொன்முலாம் பூசிய செம்பு வாத்து. கழுத்தை நீட்டும், சிறகை விரிக்கும், தானியத்தைக் கொத்தித் தின்னும், கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கமாகக் கழிக்கும். ஒவ்வொரு சிறகிலும் 400-க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தன என்பதால் சிறகடிப்பு உண்மையான வேலைப்பாடு. செரிமானம்தான் பொய். தின்ற தானியம் கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் தங்கிவிடும். பின்னால் வந்தது முன்கூட்டியே அடைத்து வைத்த, பச்சை நிறம் ஏற்றிய ரொட்டித் தூள். வாத்தைத் திறந்து பார்த்தவர்கள் பின்னாளில் இந்த ரகசியத்தை வெளியே சொன்னார்கள். வாத்து இன்று எங்கும் இல்லை. என்னைக் கேட்டால், குழலூதியை இழந்ததுதான் பெரிய நட்டம். அது இசைக் கருவிகளின் இயற்பியலைக் கற்பித்த பொம்மை; வாத்து கூட்டம் சேர்த்த பொம்மை.

வோகான்சோனின் வாழ்க்கையில் இதற்குப் பிறகு வரும் திருப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1741-இல் பிரெஞ்சு அரசு அவரைப் பட்டு உற்பத்தியின் ஆய்வாளராக நியமித்தது. லியோன் நகரத்து நெசவாளர்கள் அவருடைய சீர்திருத்தங்களால் தங்கள் பிழைப்பில் மண் விழும் என்று அஞ்சி 1744-இல் கலகம் செய்தார்கள். அவர் ஊரை விட்டே ஓட வேண்டியிருந்தது. 1745-இல் அவர் செய்த தானியங்கித் தறி புழக்கத்துக்கு வராமல் கிடந்தது. பிற்காலத்தில் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்து, 1804-இல் தம்முடைய துளையட்டைத் தறியை, அதாவது அட்டைகளில் இட்ட துளைகளே நெசவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் தறியை, உருவாக்கினார். இன்றும் நம் ஊர்களில் பட்டுச் சேலைக்குக் கரையும் முந்தானையும் நெய்யும் தறிகளில் உயரே பொருத்தியிருக்கும் 'ஜக்கார்டு பெட்டி' அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

சதுரங்கப் பொம்மையை ஹங்கேரியரான வோல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் செய்து, 1770-இல் வியன்னா அரசவையில் பேரரசி மரியா தெரேசா முன்னிலையில் ஆட வைத்தார். பெரிய பெட்டி ஒன்றின் பின்னால், தலைப்பாகை கட்டிய 'துருக்கியன்' உட்கார்ந்திருப்பான். ஆட்டத்துக்கு முன் பெட்டியின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, உள்ளே மெழுகுவர்த்தி காட்டப்படும், பற்சக்கரங்கள்தாம் தெரியும். உள்ளே தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் நகரும் இருக்கையில் உட்கார்ந்து, கதவு திறக்கத் திறக்க இப்புறமும் அப்புறமுமாக நகர்ந்துகொண்டிருந்தார். காய்களின் அடியில் காந்தம். பலகையின் கீழ்ப்புறத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அசையும் உலோகத் துண்டு. எந்தக் காய் எங்கே நகர்ந்தது என்பதை அவற்றைப் பார்த்து அறிந்து, தம்முன் இருந்த சிறு பலகையில் ஒரு கம்பியை நகர்த்துவார். மேலே துருக்கியனின் இடக்கை அதே அசைவைச் செய்யும். உள்ளே எரிந்த மெழுகுவர்த்தியின் புகை தலைப்பாகை வழியாக வெளியேறியது. அதன் வாடை காட்டிக் கொடுக்காதிருக்க வெளியிலும் விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். நெப்போலியன் 1809-இல் இதனோடு ஆடித் தோற்றது உண்மை, தோற்றது மனிதனிடம். 1854-இல் ஃபிலடெல்ஃபியாவில் நேர்ந்த தீ விபத்தில் துருக்கியன் எரிந்து போனான்.

உதயணன் கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த உத்தி புதிதாக இராது. யானைப் பித்துக் கொண்ட உதயணனைப் பிடிக்க உஞ்சை நகரத்து மன்னன் அனுப்பியதும் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்து வைத்த பொறியானைதான். இயந்திரத்தை நம்பிக் கிட்டே போகிறவனை உள்ளிருக்கும் ஆள் பிடித்துக்கொள்வான் என்ற சூழ்ச்சி, கெம்பெலனுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

பொய்ப் பொம்மையைக் குடைந்தால் ஆள் அகப்படுவான். நேர்மையான பொம்மையைக் குடைந்தால் என்ன அகப்படும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 1928 நவம்பரில் அந்நகரத்து ஃபிராங்க்ளின் நிறுவனத்துக்கு ஒரு செல்வக் குடும்பத்தாரிடமிருந்து, தீயில் வெந்து உருக்குலைந்த பித்தளை இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. செய்தவர் மெல்சல் என்று அந்தக் குடும்பத்தில் நம்பி வந்தார்கள். மெல்சல் என்பவர் துருக்கியனை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்து ஊர் ஊராகக் காட்டிய வித்தைக்காரர். பட்டறையில் பொறுமையாகப் பழுது பார்த்து, கையில் ஒரு பேனாவைப் பொருத்தி முடுக்கியதும், பொம்மை குனிந்து ஒரு கப்பலை வரைந்தது, சீனக் கோயில் ஒன்றை வரைந்தது, கவிதைகள் எழுதியது. நான்கு படங்களும் மூன்று கவிதைகளும் அதன் பித்தளைத் தட்டுகளில் பதிவாகியிருந்தன. ஒரு பிரெஞ்சுக் கவிதையின் ஓரத்தில் அதுவே எழுதிக் காட்டிய வரியின் பொருள்: 'மயார்தேயின் தானியங்கி எழுதியது.' ஆன்றி மயார்தே 1800-ஐ ஒட்டி லண்டனில் செய்த பொம்மை அது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. தன்னைச் செய்தவர் யார் என்று, நூறாண்டு கடந்து, தன் கைப்படவே சாட்சி சொன்ன பொருள் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லண்டனில் அந்தக் காலத்தில் இன்னொரு விசித்திர மனிதர் இருந்தார்: பெல்ஜியத்திலிருந்து வந்த ஜான் ஜோசப் மெர்லின். சக்கரக் காலணிகளை அணிந்து, வயலின் வாசித்துக்கொண்டே ஒரு விருந்துக்குள் நுழைந்து, நிற்கத் தெரியாமல் விலையுயர்ந்த கண்ணாடியில் போய் மோதி நொறுக்கியதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. நகை வணிகர் ஜேம்ஸ் காக்ஸின் காட்சிசாலைக்காக இவர் கைவைத்த வெள்ளி அன்னம் 1773-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. உயிருள்ள அன்னத்தின் அளவுள்ள அது, முறுக்கிய கண்ணாடித் தண்டுகளாலான ஓடையில் மிதக்கிறது. சாவி கொடுத்தால் தண்டுகள் சுழன்று நீர் ஓடுவது போலத் தெரியும். அன்னம் இருபுறமும் திரும்பிப் பார்த்து, இறகைக் கோதி, சட்டென்று குனிந்து ஒரு மீனைக் கொத்தித் தூக்கும். மீன் முதலிலிருந்தே அலகுக்குள்தான் இருக்கிறது. சின்னக் கீலில் வெளிவந்து மறைகிறது. வாத்தின் பொய்யைக் கடிந்துவிட்டு இதை மட்டும் மன்னிப்பது நியாயமா என்று கேட்கலாம். அன்னம் மீனைச் செரித்ததாக யாரும் பறைசாற்றவில்லை என்பதே என் பதில்.

மெர்லினின் பட்டறைக்குச் சிறுவயதில் தாயோடு போன, பின்னாளில் கணினியின் முன்னோடியாகப் புகழ்பெற்ற சார்லஸ் பாபேஜ், அங்கே ஓரடி உயர வெள்ளி நடனப்பெண் பொம்மை ஒன்றைக் கண்டு மயங்கினார். 1834-இல் அது ஏலத்துக்கு வந்தபோது 35 பவுண்டு கொடுத்து வாங்கி, தாமே செப்பனிட்டு, வரவேற்பறையில் வைத்தார். அவருடைய கணக்கிடும் இயந்திரத்தின் ஒரு பகுதியும் அங்கே காட்சிக்கு இருந்தது. வந்த விருந்தினர்களில் பெரும்பாலோர் நடனப்பெண்ணையே சுற்றி நின்றார்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அவர் திட்டமிட்ட அடுத்த இயந்திரத்துக்குக் கட்டளையிட ஜக்கார்டு தறியின் துளையட்டைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நம் பக்கத்துப் பொம்மை ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. திப்பு சுல்தானின் புலி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிஜப் புலிக்குக் கிட்டத்தட்ட ஈடான அளவில், வண்ணம் தீட்டிய மரப்புலி ஓர் ஐரோப்பியனை மல்லாக்கத் தள்ளி அவன் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அவனுடைய இடக்கை எழுந்து எழுந்து விழும். அவன் வாயிலிருந்து ஓலமும் புலியின் தொண்டையிலிருந்து உறுமலும் வரும். புலியின் விலாவைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு ஆர்கன். 1792-இல் வங்காளத்துச் சாகர் தீவில் ஓர் இளைஞனைப் புலி அடித்துத் தூக்கிய செய்தி இந்தப் பொம்மைக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அவன் தந்தை ஹெக்டர் மன்றோ, 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் திப்புவின் படையிடம் ஆங்கிலப் படை அழிந்தபோது, காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கிய அதே தளபதி. 1799-இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் புலி லண்டனுக்குப் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் வருவோர் போவோரெல்லாம் கைப்பிடியைச் சுற்றியதால், பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் உறுமலும் ஓலமும் தாங்காமல் முறையிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து சிதைந்து, பின்னர் ஒட்டுப் போடப்பட்டது.

ஜப்பானைப் பற்றி இரண்டு வரி: 'கராகுரி' எனப்படும் இயந்திரப் பொம்மைகளில் ஒன்றான தேநீர்ப் பொம்மையின் தட்டில் கோப்பையை வைத்தால் அது விருந்தினரை நோக்கி நடக்கும், கோப்பையை எடுத்தால் நிற்கும், காலிக் கோப்பையைத் திரும்ப வைத்தால் வந்த வழியே திரும்பும். அம்பெய்யும் சிறுவன் பொம்மையைச் செய்த தனாகா ஹிசாஷிகே 1875-இல் தொடங்கிய தொழிற்கூடம்தான் வளர்ந்து தோஷிபா ஆயிற்று.

அரசர்களின் கூடத்திலிருந்த இந்தக் கலை சாமானியர் கைக்கு வந்தது, காசு போட்டால் இயங்கும் பெட்டிகளின் வழியாக. அந்த உத்தி மிகப் பழையது: அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, காசின் எடையால் நெம்புகோல் சாய்ந்து, அடைப்புத் திறந்து, கோயில் நீர் அளவாக விழும் கருவியை விவரித்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கடற்கரைகளும் அமெரிக்கக் கேளிக்கைக் கூடங்களும் இத்தகைய பெட்டிகளால் நிரம்பின. ஒரு பென்னி போட்டால் சிறைச்சாலைக் கதவு திறக்கும், பாதிரியார் தலையசைப்பார், தூக்குமேடைப் பலகை கீழே விழும், கதவு மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் ஆட்டம். இந்தக் குரூர நகைச்சுவைக்கு அன்று கூட்டம் அலைமோதியது. நம் ரயில் நிலையங்களில் விளக்குகள் மினுங்க, வண்ணச் சக்கரம் சுழல நின்ற எடை இயந்திரம் இதே குடும்பத்தின் உறுப்பினர்தான். ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சிட்ட அந்தத் தடித்த சீட்டுக்காகவே எடை பார்த்தவர்கள் ஏராளம். எடையை நம்பாதவர்கள்கூடப் பலனை நம்பினார்கள்.

எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஜாக்கே-திரோவின் மூன்று பொம்மைகளும் சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் நகரத்துக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இயக்கிக் காட்டுவார்கள் என்பதால் நாளைச் சரிபார்த்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளி அன்னம் வட இங்கிலாந்தின் பார்னார்டு காசில் ஊரில், போஸ் அருங்காட்சியகத்தில். மயார்தேயின் பொம்மை ஃபிராங்க்ளின் நிறுவனத்தில். காசுப் பெட்டிகளுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவின் மியூசே மெக்கானிக். 300-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை, சில்லறை மட்டும் கொண்டு போனால் போதும்.

லண்டன் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு: காலையில் திப்புவின் புலி, மாலையில் ஹோல்போர்ன் பகுதியில் டிம் ஹன்கின் 2015-இல் திறந்த நாவல்டி ஆட்டோமேஷன். அவருடைய புதிய இயந்திரங்களில் பழைய குறும்பு குறையாமல் இருக்கிறது. விமான நிலையச் சோதனையைக் கேலி செய்யும் பெட்டி ஒன்றின் முன் நின்றால், காற்றடைத்த ரப்பர் கையுறைகள் உங்கள் உடலைத் தடவிச் சோதிக்கும். இன்னொன்றில், உங்கள் சட்டைப்பையிலிருக்கும் பேனாவையோ சாவியையோ வைத்தால், கலை நிபுணர் பொம்மை குனிந்து ஆராய்ந்து, அது கலைப்பொருளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். உள்ளே நுழைந்ததும் முதலில் காசுக்குப் பதிலாகப் போடும் வில்லைகளை (டோக்கன்) வாங்கிக்கொள்ளுங்கள்; அங்குள்ள இயந்திரங்கள் அவற்றைத்தான் விழுங்கும்.